பீடத்தில் கவிழ்த்த குண்டான்

என் மகள் அடைப்பு மடத்துக் கன்னியாஸ்திரி. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற, ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற சிஸ்டர்களைப் போல வெளியே வந்து போகிறவள் இல்லை. உள்ளே போனவர்கள் உள்ளேயேதான். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய், கம்பி போட்ட ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். முட்டி தேய்ந்து பஸ் ஏற முடியாமல் போன பிறகு மடத்துத் தலைவியான தாயார் இரக்கப்பட்டு, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச அனுமதி கொடுத்தார். வருஷத்தில் இரண்டு ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று, குருத்தோலை ஞாயிறு ஒன்று. நாலு மணிக்குத் தொடங்கினால் நாலரைக்கு மடத்து மணி அடிக்கும். அடித்ததும் எழுந்து போய்விடுவாள். பாதிப் பேச்சில் இருந்தாலும் போய்விடுவாள்.

இந்தத் தடவை, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன், இப்போது பூரண குணம், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், ஆனால் மகளின் கடிதத்தை எழுத்து எழுத்தாகப் படிக்கத் தெரியும். எப்போதும் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும் அவள் வரிகள், அந்தக் கடிதத்தில் வலது பக்கம் சரிந்து இறங்கியிருந்தன.

அவள் நைனா, என் வீட்டுக்காரரும் காமாலையில்தான் போனார். மஞ்சள் போய்க் கண் வெளுத்துவிட்டது, சரியாகிவிட்டது என்று அவரும்தான் சொன்னார். நானும் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இமையை இழுத்துப் பார்க்கவில்லை. அது எனக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் மகளின் கண்ணை நானே பார்க்க வேண்டும் என்று இருந்தேன், என் மகனிடமும் சொல்லி வைத்தேன். அவள் வாயால் சொல்வது எனக்குப் போதாது. சின்ன வயதில் ஜுரத்தோடு பள்ளிக்கூடம் போய் வெயிலில் விழுந்து கிடந்தபோதும் “நல்லா இருக்கேன்”தான் சொன்னாள்.

கம்ப்யூட்டர் என் மகன் வாங்கியது. செஞ்சியில் அவன் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த காலத்தில் உள்ரூமில் மேஜை போட்டு வைத்தான். பிறகு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அது இங்கேயே நின்றுவிட்டது. நெட்டுக்கு ஒரு பெட்டி உண்டு. மோடம் என்பான். முன்ரூமில் மாதா பீடத்துக்கு சீரியல் பல்பு போட ஒரு பிளக் இருந்தது, வேறு பிளக் காலியில்லை. அதனால் அந்தப் பெட்டியும் பீடத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மாதாவுக்கு இடப்பக்கம். அதிலிருந்து நெட் காற்றில் போய் உள்ரூமில் இருக்கும் கம்ப்யூட்டரைச் சேரும் என்று மகன் சொன்னான். எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கவும் வெட்கம், தலையை ஆட்டிவிட்டேன்.

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் சுரூபங்களையும் பாடுபட்ட சிலுவையையும் ஊதாத் துணியால் மூடி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது பல கோயில்களிலேயே மூடுவதில்லை. நான் மூடுவேன். சீரியல் பல்பையும் கழற்றிவிடுவேன். இந்த வருஷமும் அஞ்சாம் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மூடினேன். மாதா மறைந்துவிட்டாள், சூசையப்பர் மறைந்துவிட்டார், இந்தப் பெட்டி மட்டும் பச்சை பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டு இருந்தது. துக்க வீட்டில் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. “மோடத்தை மட்டும் அணைக்காதம்மா, செட்டிங் போயிடும்” என்று மகன் சொல்லி வைத்திருந்ததால் அணைக்கப் பயம். துணி போட்டேன். துணிக்கு அடியிலும் சிமிட்டியது. தொட்டுப் பார்த்தால் பெட்டி சூடாக வேறு இருந்தது, துணி பற்றிக்கொண்டால் என்ன செய்வது? சமையல்கட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் குண்டானை எடுத்துவந்து, பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாக் கொம்புகளை மடக்கி, அதன்மேல் கவிழ்த்தேன். வயர் போக ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக வைத்தேன். குண்டானின் மேல் ஊதாத் துணியைப் போட்டேன். பார்க்க அடக்கமாக இருந்தது. விளக்கு உள்ளே எரிகிறது, வயர் போயிருக்கிறது, பிறகு என்ன என்று இருந்துவிட்டேன். கோளாறு அதுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரமும் ஒரு மதியமும் ஆயிற்று.

அடுத்த வாரம், குருத்தோலை ஞாயிறு மூன்று மணிக்கு மகன் கம்பெனியிலிருந்து போன் செய்தான். ஞாயிறும் அவனுக்கு ஷிப்ட். என்னிடம் இருப்பது பட்டன் போன்.

“அம்மா, சாப்டியா? கம்ப்யூட்டர் போட்டியா?”

“போட்டேன்பா. மாதா படம் வந்துடுச்சு.”

“கீழ வலது பக்க மூலையில பாரு. விசிறி மாதிரி ஒரு படம் இருக்குதா?”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். “விசிறி இல்லப்பா. உருண்டையா ஒண்ணு இருக்குது. உள்ள குறுக்கும் நெடுக்கும் கோடு. கோழி கூண்டு மாதிரி.”

“அய்ய. உருண்டையா? அப்ப நெட் இல்லம்மா.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்லதான். இரு, பாக்கலாம். குரங்கு வயரை கடிச்சுடுச்சா? வெளியில போய் பாரேன்.”

போன வருஷம் அப்படித்தான் ஆனது. செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்கி வருகிற குரங்குக் கூட்டம் எங்கள் தெரு மாடிகளில்தான் மத்தியானம் கழிக்கும். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெயிலில் கண் கூசியது. கம்பத்திலிருந்து வயர் ஒழுங்காகத்தான் வந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

“வயர் இருக்குது. குரங்கும் இருக்குது.”

“அது இன்னா பண்ணுது?”

“பேன் பாக்குது.”

“சரி, பாக்கட்டும். மோடத்துல லைட் எரியுதா பாரு.”

முன்ரூமுக்குப் போனேன். துணியை எடுத்து, குண்டானைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் பச்சை. பழையபடி கவிழ்த்து, துணியைப் போட்டு, சுருக்கம் நீவிவிட்டு வந்தேன்.

“எரியுதுப்பா.”

“சிகப்பா இல்லையே?”

“இல்ல, பச்சை. நல்லா எரியுது.”

“அப்ப மோடம் சரியாதான் இருக்குது. கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு.”

நான் சொன்ன ஒரு வார்த்தையால் அவன் தப்பான வழியில் போய்விட்டான். அந்த உருண்டையின்மேல் அம்பைக் கொண்டுபோய் அமுக்கச் சொன்னான். எனக்கு மவுஸ் பிடிக்க வராது. அம்பு பல்லி மாதிரி ஓடி எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். அமுக்கியதும் வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். நம் வீட்டு நெட்டின் பெயரில் கடைசியில் மூன்று சைபர் இருக்கும், அதை அமுக்கு என்றான். மேலிருந்து கீழே பார்த்தேன். இரண்டு, ஏழு, ஒன்பது எல்லாம் இருந்தது.

“சைபரே இல்லியேப்பா.”

“நல்லா பாரும்மா.”

“பக்கத்து தெரு பேரெல்லாம் வந்திருக்குது போல. நம்மளுது மட்டும் இல்ல.”

“ஏரோப்ளேன் படம் ஒண்ணு இருக்கும். அது கலரா இருக்குதா, வெள்ளையா இருக்குதா?”

“ஏரோப்ளேன் எதுக்குப்பா நமக்கு?”

“அம்மா, சிரிக்க வெக்காத. சூப்பர்வைசர் பாக்கறாரு.”

ஏரோப்ளேன் வெள்ளையாக இருந்தது. அப்படியானால் அதுவும் சரிதானாம். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், நெட்டைப் பிடிக்க நகம் அளவுக்கு ஒன்று செருகியிருக்கும், அதைப் பிடுங்கி மறுபடி செருகச் சொன்னான். மேஜைக்கு அடியில் குனிந்தேன். முட்டி மடங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒட்டடைக்குள் கையை விட்டுத் தடவி, அதைப் பிடுங்கிச் செருகினேன். எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்தால் அதற்குச் சக்கரம், அது நழுவிப் போகிறது. எப்படியோ எழுந்து பார்த்தால் சைபர் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னான். அணைத்துப் போட்டேன். வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஒன்றை ஒன்று துரத்தின. ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடித்தேன், அவை அப்போதும் துரத்திக்கொண்டிருந்தன.

கடைசியில் மாதா படம் வந்தது. சைபர் வரவில்லை.

“மோடத்தையும் ஒரு தடவை அணைச்சு போடும்மா. பரவால்ல, செட்டிங் போவாது.”

மறுபடி முன்ரூம். குண்டானைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, ஐம்பது எண்ணி, போட்டேன். ஒவ்வொரு விளக்காக வந்து பச்சையானதும் கவிழ்த்து மூடிவிட்டு உள்ரூமுக்கு நடந்து வந்தேன்.

“வந்துடுச்சுப்பா! மூணு சைபர்!”

“அமுக்கு, அமுக்கு.”

அம்பைக் கொண்டுபோவதற்குள் அந்த வரி மறைந்துவிட்டது. கண் எதிரே இருந்தது, போய்விட்டது.

“போயிடுச்சு.”

மகன் மெஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினான். “இப்ப வந்து இப்ப போவுதுன்னா சிக்னலை ஏதோ மறைக்குதும்மா. மோடத்துக்குப் பக்கத்துல எதுனா வெச்சியா? பீரோவை நகத்துனியா?”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பொங்கலுக்கு வந்தபோது, மின்சார அடுப்புக்கு நான் தீர்த்தம் தெளித்ததைப் பார்த்துவிட்டு அவன் தன் சிநேகிதர்களிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அன்று நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. இப்போது ஒரு பெட்டிக்கு நான் தவக்காலத் துணி போட்டிருக்கிறேன் என்று தெரிந்தால்?

“ஒண்ணும் வெக்கலப்பா” என்றேன். ஆண்டவர் பாடுபட்ட பெரிய வாரம் தொடங்குகிற நாளில், எழுபது வயதுக்குமேல், வாய் கூசாமல் ஒரு பொய்.

“அப்ப எனக்குப் புரியல. என்னை உள்ள கூப்புடறாங்கம்மா. நீ எதிர் வீட்டுக்குப் போ. அவங்க மருமவ போன்ல அந்த மடத்து லிங்கைப் போட்டுக் குடுக்கும். நான் அதுக்கு அனுப்பி வெக்கறேன். வெக்கப்படாத. போ.” வைத்துவிட்டான்.

மணி நாலுக்குப் பத்து நிமிஷம். எதிர் வீடு, மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்யும் நயினார் குடும்பம், ஜைனர்கள். தங்கமானவர்கள். அவர்கள் வீட்டுக் கதவை நான் தட்டியது இருபது வருஷத்தில் இரண்டு தடவை இருக்கும், இரண்டும் சாவுக்குச் சொல்ல. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவர்கள் வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு. ஒரு கார். உள்ளேயிருந்து பூ வாசனையும் கேசரி வாசனையும் வந்தன. ஜன்னல் வழியாக, அவர்கள் பெண் பட்டுப்புடவையில் தட்டோடு நிற்பது தெரிந்தது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

வெள்ளைச் சேலையும் வெறும் கழுத்துமாக நான் அந்த நேரத்தில் போய் முன்னால் நின்றால், அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வந்தவர்கள் சொல்வார்கள். கேட் பக்கத்தில் நின்றேன். மருமகள் இந்தப் பக்கம் திரும்பினால் கையை அசைக்கலாம் என்று பார்த்தேன். அவள் திரும்பவில்லை. ஒரு சின்னக் குழந்தை மட்டும் என்னைப் பார்த்தது. அது யாரையாவது கூப்பிட்டுவிடப் போகிறது என்று பயந்து வந்த வழியே திரும்பிவிட்டேன்.

கடிகாரம் நாலு அடித்தது. அங்கே அவள் வந்து உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டர் முன்னால் நானும் உட்கார்ந்தேன். மகன் செய்து வைத்திருந்த படம் ஒன்று திரையில் உண்டு, சிலுவை போட்ட வீடு. அதை அமுக்கினால் மடம் வரும். அமுக்கினேன். ஏதோ இங்கிலீஷில் வந்தது. மறுபடி அமுக்கினேன். அதேதான் வந்தது. உருண்டை, உருண்டையாகவே இருந்தது. கம்ப்யூட்டரைக் கையால் தட்டினேன். திரையைத் துடைத்தேன். செய்கிற காரியத்துக்கு அர்த்தமில்லை என்று தெரிந்தும் மேஜையை அரை அடி சுவர்ப்பக்கம் தள்ளினேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் பதினைந்து மைல் தூரத்தில் இருந்தாலும் ஒன்றுதான், வேற்று தேசத்தில் இருந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. அவள் நைனா போன அன்றும் இப்படித்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு பதினெட்டுக்குப் போன் அடித்தது.

“பேசினியாம்மா?”

“இல்லப்பா.”

“எதிர் வீட்டுக்குப் போவலியா?”

“போனேன்.” பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. “குண்டானை கவுத்து வெச்சிருக்கேன்பா.”

“எத கவுத்து?”

“சோத்துக் குண்டானை. அந்தப் பெட்டி மேல. தவக்காலம், மாதாவ மூடியாச்சு, இது மட்டும் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. துணி போட்டா சுட்டுடும்னு…”

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். “ஓடும்மா. எடுத்துக் கீழ வை. கொம்பை நிமுத்திவுடு. ஓடு” என்றான். சிரிக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஓட முடியாது, ஆனால் போனேன். குண்டானை எடுத்து மூலையில் போட்டேன், அது உருண்டு போய்க் கதவில் இடித்தது. கொம்புகளை நிமிர்த்திவிட்டேன். திரும்பி வந்தபோது உருண்டை இல்லை, விசிறி இருந்தது. நான் எதையும் அமுக்கவில்லை, அதுவாகவே ஒட்டிக்கொண்டதாம். சிலுவை வீட்டை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. மணி நாலு இருபத்தைந்து.

முகம் வந்தது.

“தோத்திரம்மா! எங்கம்மா போன? ஒண்ணும் ஆவலியே உனக்கு?”

“தோத்திரம். ஒண்ணுமில்ல. நெட் வரல.”

மெலிந்திருந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் தாயார் உட்கார்ந்திருந்தார், அது அவர்கள் ஒழுங்கு. நான் குனிந்து கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்தான். பிறகு பார்த்தால் முக்காடும் மஞ்சள், பின்னால் சுவரும் மஞ்சள், தாயாரின் பல்லும் மஞ்சள். அந்தத் திரை பழசு, வெள்ளையெல்லாம் அதில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரித்தான் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் பார்த்தபோது அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

“நல்லா இருக்கேம்மா. நல்லா சாப்படறேன்” என்றாள்.

தாயார் முன்னால் கேட்க எனக்குக் கூச்சம். கேட்டேன். “கண்ணை… கீழ் இமையை இழுத்துக் காட்டும்மா.”

“அம்மா!”

“காட்டு. பெத்தவளுக்கு மனசு கேக்குமா?” என்றார் தாயார்.

மகள் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். முகம் திரை முழுக்க ஆயிற்று. ஒரு விரலால் இமையைக் கீழே இழுத்தாள். அப்படியே படம் நின்றுவிட்டது. விரல் கண்ணுக்கு அடியில், வாய் பாதிச் சிரிப்பில். குரல் மட்டும் வந்தது. “தெரியுதாம்மா?”

“தெரியுது” என்றேன்.

மடத்து மணி கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு மணியும் நின்றுபோய், கம்ப்யூட்டரே விறைத்துவிட்டது. அம்பு நகரவில்லை. மகளின் முகம் மட்டும் அப்படியே நின்றது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போனேன். முக்காட்டின் விளிம்பில் விரலை வைத்தேன், பிறகு கண்ணின் வெள்ளையில் வைத்தேன். முக்காடு வெள்ளைத் துணி, அதில் சந்தேகமில்லை. அது இந்தத் திரையில் இவ்வளவு மஞ்சளாகத் தெரிகிறது. கண்ணும் அதே அளவு மஞ்சள் என்றால், கண் வெளுத்துவிட்டது. அதைவிட ஒரு பிடி கூடுதல் என்றால் இன்னும் போகவில்லை. முக்காட்டைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். ஒன்றாகத்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் கண் கூடுதலாகத் தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறுபடி ஒன்றாக இருந்தது. மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து திரையில் விழுந்தது, எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

கையில் போன் அடித்தது. மகன்.

“பாத்தியாம்மா? எப்படி இருக்குது கண்ணு?”

“இருடா” என்றேன். “பாத்துக்கிட்டு இருக்கேன்.”